இரட்டைமலை சீனிவாசன்: அச்சம் அரசியலான கதை

மதுராந்தகம் வட்டாரத்தில் இருக்கும் கோழியாளம் நம் வாசகர்களுக்குப் புதிய ஊரல்ல. ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று இரட்டைமலை சீனிவாசனின் படத்துக்கு மாலை போடுகிறோம். திவான் பகதூர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், அண்ணல் அம்பேத்கருடன் தோளோடு தோள் நின்றவர் என்றெல்லாம் மேடையில் பேசுகிறோம். தலைப்பாகையும் கோட்டுமாக நிமிர்ந்திருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, இவர் பிறக்கும்போதே பயம் அறியாதவராகப் பிறந்தவர் என்றுதான் தோன்றும்.

அவரோ பயந்து பயந்து படித்த பிள்ளை. இதை நாம் சொல்லவில்லை. தம் வாழ்க்கையைப் பற்றி 1939இல் அவரே எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். மாலைக்கும் முழக்கத்துக்கும் நடுவே அந்தப் பயத்தை நாம் மறந்துவிடுகிறோம். அதை மறந்துவிட்டால் அவருடைய அரசியல் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாமல் போய்விடும்.

1860இல் பிறந்தவர் சீனிவாசன். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போன குடும்பம். படிப்பு கோயம்புத்தூரில் நடந்தது. அவர் படித்த கல்விச்சாலையில் ஏறக்குறைய 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள் என்று கணக்குச் சொல்கிறார். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது.

அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று பாருங்கள். மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது தள்ளி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக உள்ளே போவான். வகுப்பு முடிந்தால், கூடப் படிக்கும் பையன்கள் வந்து சேர்ந்துகொள்ளும் முன்பே வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவான். யாருடனும் பழக மாட்டான். பழகினால் ஊர் எது, வீடு எது, உறவுக்காரர்கள் யார் என்று கேட்பார்கள். கேட்டால் சாதி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எல்லோரும் தாழ்வாக நடத்துவார்கள். பிள்ளைகளோடு ஓடியாடி விளையாட முடியாமற்போன துக்கத்தையும், இந்த இடுக்கணை எப்படி மேற்கொள்வது என்று தனியே யோசித்ததையும் எண்பது வயதை நெருங்கும்போதுகூட அவர் மறக்கவில்லை.

அவரை யாரும் அடித்ததாக அவர் எழுதவில்லை. இழுத்து வெளியே தள்ளியதாகவும் இல்லை. ஆனாலும் ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும், எப்போது வருவது, எப்போது போவது, யாரிடம் பேசாமல் இருப்பது என்று, ஒரு பிள்ளை கணக்குப் போட்டே கழிக்க வேண்டியிருந்தது. காயம் தெரியாத இந்த வன்கொடுமைக்கு எந்தச் சட்டப்பிரிவும் போட முடியாது.

கதை 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. மாலை நேரப் பாடசாலை நடத்தப் போகும் ஊர்களில் நாம் இன்றும் பார்ப்பதுதான். பள்ளிப் பேருந்திலிருந்து தம் நிறுத்தத்தில் இறங்காமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடு எங்கே என்று கேட்டால் ‘காலனி’ என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் பக்கத்துக் கடையின் பெயரைச் சொல்கிறார்கள். நாங்குநேரியில் 2023இல் நடந்த கொடுமைக்குப் பிறகு, பள்ளிகளில் நிலவும் சாதியை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டதும், மறு ஆண்டு அது அறிக்கை தந்ததும் நமக்குத் தெரியும். கயிறும் பொட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. முந்தைய நிறுத்தத்தில் இறங்கும் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

துன்பப்பட்டவர்கள் எல்லோரும் அடுத்தவர் துன்பத்தை உணர்ந்துவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. துன்பம் ஒருவரைத் தன்னைச் சுற்றியே வேலி போட்டுக்கொள்ளவும் வைக்கும். படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வீடு பிடித்து, சேரியிலிருந்து யாரும் தேடி வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அந்தக் கதவு சீனிவாசனுக்கும் திறந்தே இருந்தது.

படிப்பு முடிந்து அவர் நீலகிரிக்குப் போனார். அங்கே ஆங்கிலேயரின் வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. சம்பளம் உண்டு, மரியாதையும் உண்டு. வெள்ளைக்கார முதலாளிக்குக் கணக்குச் சரியாக இருந்தால் போதும், கணக்கு எழுதுகிறவரின் சாதி அவ்வளவாகத் தேவைப்படாது. கோவையில் பட்ட பாட்டை அங்கேயே மறந்து, குடும்பத்தோடு சுகமாக வாழ்ந்து முடித்திருக்கலாம். பத்து ஆண்டுகள் போல அங்கே இருந்தார். பிறகு 1890 வாக்கில் சென்னைக்கு வந்துவிட்டார்.

வந்தவர் செய்த முதல் காரியம்தான் அவருடைய வாழ்க்கையின் திருப்பம் என்று நாம் நினைக்கிறோம். கிராமம் கிராமமாகப் போனார். தம் மக்களின் பழைய வரலாற்றைத் தேடினார். அவர்கள் இப்போது இருக்கும் நிலையையும் நேரில் பார்த்தார். அந்த ஆண்டுகளில் நம் செங்கல்பட்டு மாவட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் ஆங்கிலேயரே சாட்சி. மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஒரு விரிவான குறிப்பை அரசுக்கு எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, வாங்கிய சொற்பக் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாக உழைப்பு, புறம்போக்கு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதாரர் விடுவதில்லை. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் டி.சி. நிலத்துக்கு வழி திறந்த 1892ஆம் ஆண்டு அரசாணை, இந்தக் குறிப்பைத் தொடர்ந்து வந்ததுதான். (அதே நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் காரணை மக்களின் போராட்டத்தில் இரண்டு உயிர்களைக் கொடுத்தோம்.)

தாம் பட்டது சக மாணவர்களின் கேள்விக்குப் பயந்த பயம். இங்கே மக்கள் பட்டது கூலிக்கும் குடிசைக்கும் தண்ணீருக்கும் பயந்த பயம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது அந்த நடையில் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். தன் மனத்துக்குள் வைத்து மறைத்த ஒன்று ஊர் ஊராகத் திறந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு, அதற்குப் பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

பள்ளியில் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று பயந்த அதே சொல். அதைச் சென்னைத் தெருக்களில் கூவி விற்கும்படி செய்தார். தன்னை இன்னார் என்று வெளிப்படையாகச் சொல்லத் துணியாதவன் உரிமை கேட்கவும் முடியாது என்பது அவருடைய வாதம். மாத இதழாக வந்தது பிறகு வார இதழாயிற்று, சொந்த அச்சுக்கூடமும் வாங்கினார். வெளியிட்ட ஒரு கடிதத்துக்காக வழக்கு வந்து, நீதிமன்றத்தில் 100 ரூபாய் அபராதமும் கட்டினார். 1900 வரை பத்திரிகை நடந்தது.

ஒரே அவமானம் எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டு போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் சீனிவாசனின் நெருங்கிய உறவினர், சீனிவாசனின் தங்கையை மணந்தவர். பண்டிதரும் நீலகிரியில் வாழ்ந்தவர்தான். 1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன் விஷ்ணு கோயில்களில் எங்களை ஏன் விடவில்லை என்று பண்டிதர் கேட்டார். அவை உங்கள் சாமிகள் இல்லை என்று முகத்துக்கு நேரே பதில் வந்தது. அந்தக் காயத்திலிருந்து அவர் வேறு பாதையில் போனார். பறையர் என்ற பெயரே எதிரிகள் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1898இல் பௌத்தம் தழுவினார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். பிறகு வந்த எம்.சி. ராஜா, 1922இல் சட்டசபையில் பேசி, அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். பெயரைத் தூக்கிப் பிடித்தவர் ஒருவர், மறுத்தவர் ஒருவர், மாற்றியவர் ஒருவர். யார் சரி என்று நம் இளைஞர்கள் தேநீர்க்கடையில் இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். மூவரும் அவரவர் காயத்தை வைத்துத்தான் யோசித்தார்கள், மூவரும் அதைத் தமக்கு மட்டுமானதாக வைத்துக்கொள்ளவில்லை என்பது அந்தச் சண்டையில் விட்டுப்போகாமல் இருந்தால் சரி.

சீனிவாசனைத் தேசத் துரோகி என்று பேசியவர்கள் உண்டு. அதற்குக் காரணமான நிகழ்ச்சி 1893 டிசம்பரில் நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. சீனிவாசனோ சென்னையில் கூட்டம் போட்டு எதிர்த்தார். 3,412 பேரின் கையொப்பத்தோடு 112 அடி நீளத்துக்கு ஒரு மனுவைத் தயாரித்து, ஜெனரல் செஸ்னி மூலம் பாராளுமன்றத்தில் சேர்ப்பித்தார்.

ஏன் எதிர்த்தார்? 400 பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் மட்டுமே வேறு சாதியாக இருந்ததை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் அவர். இந்தியாவில் தேர்வு வைத்தால் யார் எழுதுவார்கள், யார் தேறுவார்கள், தேறியவர்கள் ஆட்சியராக வந்து உட்கார்ந்தால் படியாளின் மனு எந்த மேசைக்குப் போகும் என்பதற்கு அவருக்கு ஜோசியம் தேவைப்படவில்லை. கோவை வகுப்பறை அவருக்கு அரசியல் பாடமாகிவிட்டது. இடஒதுக்கீடு என்ற ஏற்பாடு இல்லாத காலத்தில் அவர் கண்ட வழி அது ஒன்றுதான்.

ஆனாலும் ஆங்கில அரசு மீது அவர் வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பது நம் கருத்து. திரமென்கீரின் குறிப்பு வந்தபோது அதற்கு ஆயிரம் முட்டுக்கட்டை போட்டதும் அதே அரசின் அதிகாரிகள்தான். நில வரி ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காக மிராசுதாரரைப் பகைத்துக்கொள்ளாத அரசு அது. மனு எழுதினால் நீதி கிடைக்கும் என்று கடைசி வரை நம்பியவர் சீனிவாசன். அந்த நம்பிக்கைக்கு நாம் வாரிசுகள் அல்ல. மனு நீதி நாள் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அந்த நம்பிக்கையோடுதான் 1900இல் லண்டனுக்குப் புறப்பட்டார். நம் மக்களின் நிலையை அங்கே போய் நேரில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். இருபது ஆண்டுகள் ஓடிப்போயின. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போன நாடு அது. அவர்கள் வாயால் சொன்னதை வெள்ளைக்கார நீதிபதிக்குப் புரியும்படி சொல்வதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. ஊரில் மனு எழுதிய கைக்கு, அங்கே அதற்குச் சமமான வேலைதான் கிடைத்தது. அந்த இருபது ஆண்டுகள் இங்கே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

1921இல் திரும்பினார். அறுபது வயதைக் கடந்தாயிற்று. 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை இந்த மாவட்டத்து ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி மாட்டலாம். எந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும், எந்த ஊரிலும் நகரத்திலும், பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடக்கத் தடை கூடாது. பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், பொது மக்கள் கூடும் இடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே எல்லோரும் போகலாம். தீர்மானம் நிறைவேறியது, அடுத்த மாதமே அரசாணையாக வெளிவந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறைக்குப் போன அதே 1924. கோவைப் பக்கத்திலிருந்து வந்த உறுப்பினர் ஆர். வீரையனும் இதற்காகச் சபையில் விடாமல் போராடினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீர்மானம் கேட்டவரை எண்ணிப் பாருங்கள். கோட்டு போட்ட சட்டசபை உறுப்பினரைச் சென்னைத் தெருவில் யார் தடுக்கப் போகிறார்கள்? கிணற்றில் இறைக்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. அவருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்ட நேரம். பள்ளிக்கு வெளியே தள்ளி உட்கார்ந்த இடமும், தெருவில் தலை குனிந்து வேகமாக நடந்த நடையும் நினைவிலிருந்து போகாத ஒருவரால்தான் தெரு, பாதை, கிணறு, குளம் என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டுக் கேட்க முடியும். எந்த வகுப்பினராக இருந்தாலும் என்று கேட்டாரே தவிர, தம் சாதிக்கு மட்டும் என்று கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘பறையன்’ என்று பத்திரிகை நடத்தியவர் அவர்.

ஆணையைக் கிராமங்களில் தண்டோரா போட்டு அறிவிக்கச் செய்தார்கள். தண்டோரா போடுகிறவர் யார்? நம் சேரிக்காரர்தான். ஊர்த் தெருவில் உனக்கும் உரிமை உண்டு என்பதை, அந்தத் தெருவில் செருப்பில்லாமல் நடந்து அவரே அறிவித்தார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022இல். அதே ஆண்டின் கடைசியில்தான் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியின் செய்தி வந்தது.

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் இருவர். அம்பேத்கருக்கு 39 வயது, சீனிவாசனுக்கு எழுபது. முப்பது ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர முடியாத ஊருக்கு இப்போது போய்ச் சேர்ந்தார். நம் மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளை இருவரும் கையெழுத்திட்டு மனுவாகக் கொடுத்தார்கள். வாக்குரிமை, சம உரிமை, சட்டசபைகளிலும் அரசு வேலைகளிலும் போதிய இடம், தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம். இன்று நாம் அரசமைப்புச் சட்டத்தில் படிக்கும் பல சங்கதிகளின் விதை அந்தத் தாள்களில் இருக்கிறது.

அங்கே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த அரண்மனை வரவேற்புக்கு, தாம் தீண்டத்தகாதவர் என்று தெரியும்படி ஓர் அடையாளத்தை உடையில் அணிந்து போனார் சீனிவாசன். மன்னர் கை கொடுக்க வந்தபோது அவர் தயங்கி விலகினார் என்றும், மன்னர் காரணம் கேட்டார் என்றும், தெருவில் தவறி விழுந்தால்கூடத் தம்மவரைத் தூக்கிவிட ஆள் வராத நிலையை இவர் விளக்கினார் என்றும், திடுக்கிட்ட மன்னர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றும் நம் மேடைகளில் ஆயிரம் முறை சொல்லிவிட்டோம். மன்னர் கை கொடுத்ததுதான் கைதட்டல் வாங்குகிறது. நமக்கு முக்கியமாகப் படுவது சட்டையில் இருந்த அடையாளம். கோவையில் மறைத்ததை, உலகத்திலேயே பெரிய அரசனின் வீட்டுக்குள் நெஞ்சில் குத்திக்கொண்டு போனார்.

1932 செப்டம்பரில் புனா ஒப்பந்தம். காந்தியின் பட்டினியால் தனித்தொகுதி உரிமை பறிபோன அந்த ஒப்பந்தத்தில் சீனிவாசனின் கையெழுத்தும் இருக்கிறது. விரும்பிப் போட்ட கையெழுத்தாக நாம் அதைக் கருதவில்லை. அம்பேத்கரே அப்படிப் போடவில்லையே.

1935இல் இந்துவாகச் சாக மாட்டேன் என்ற பொருளில் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தபோது சீனிவாசன் மாறுபட்டார். நாம் அந்த மதத்துக்குள்ளேயே இல்லை, வருணத்துக்கு வெளியே இருப்பவர்கள், உள்ளே இல்லாதவர் எப்படி வெளியேறுவது என்பது அவருடைய கேள்வி. இருவருக்கும் இது பிரிவாகவில்லை. கேள்வி மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது. சாதிச் சான்றிதழுக்காக மதத்தை மறைக்கும் கிறித்தவ தலித் குடும்பங்களின் நிலையில் வைத்து அதைப் படித்தால் இன்னும் கனக்கும்.

1936இல் திவான் பகதூர் பட்டம் வந்தது. தமிழறிஞர் திரு.வி.க. அவரைத் திராவிடமணி என்று பாராட்டினார். 1939இல் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதினார். பெயருக்கு ஏற்ற சிறிய நூல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பள்ளிக்கூடப் பயத்துக்கு அதில் சில வரிகளே ஒதுக்கியிருக்கிறார். பெரும்பகுதி மனுக்கள், தேதிகள், தீர்மானங்கள், கையொப்பக் கணக்குகள். 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் மறைந்தார். அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சென்னைக்குப் போகும் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். போவதற்கு முன், மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்த கோவைப் பையனைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போங்கள்.